ஆகஸ்டில் உதிரும் இலை

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான். ஏப்ரலோடு அநேகமாக நின்றுவிடும். பிறகு அக்டோபர் வரை வானத்தை நம்பிப் பயனில்லை. மத்தியதரைக் கடல் நாடுகளின் அதே பருவநிலை. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள குன்றுகளில் வளர்கிறது நீல ஓக் மரம். மழை கொட்டும் மாதங்களில் அதற்கு இலையே இருக்காது. இலை விட்டு நிமிர்ந்தால் மழை போயிருக்கும்.

பிறகு எப்படிப் பிழைக்கிறது? குளிர்கால மழையில் ஒரு பங்கு பாறை வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. 20 மீட்டருக்கும் கீழே இருக்கும் நீரைக்கூட இதன் வேர்கள் தொட்டுவிடும். அப்படி எடுத்த நீரில் கொஞ்சம், இரவில் மேல்வேர்கள் வழியாகக் காய்ந்த மேல்மண்ணில் கசிகிறது. ஆழத்தில் குடித்ததை இரவில் மேல்மண்ணுக்குத் தருகிற மரம்!

மண்ணில் ஈரம் இருக்கும் வசந்தகால வாரங்களிலேயே ஆண்டுக்கான உணவில் பெரும்பகுதியைத் தயாரித்துவிடுகிறது. மேல்மண் உலர உலர இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்கிறது. மண்ணிலிருந்து நீரை இழுக்கக் காற்றழுத்தத்தைப் போல 15 மடங்கு விசை தேவைப்படும் நிலையில் சாதாரணப் பயிர்கள் மீளாமல் வாடிவிடும். கோடை முடிவில் நீல ஓக் 40 மடங்கையும் தாண்டி நிற்கிறது.

அதுவும் போதாத ஆண்டுகளில், ஜூலை ஆகஸ்டிலேயே இலைகளை உதறிவிட்டு மொட்டையாகிவிடும். துணிச்சல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இது வெறும் வரவுசெலவு. அந்த மெல்லிய இலை எப்படியும் சில மாதங்களில் விழ வேண்டியதுதான். பக்கத்திலேயே வளரும் பசுமைமாறா ஓக் தடித்த இலைகளுக்கு நிறைய முதல் போட்டிருக்கிறது. அவ்வளவு எளிதில் கைகழுவ முடியாது.

ஆகஸ்டில் மொட்டையாக நிற்பதைப் பார்த்து, பட்டுப்போனது என்று வெட்டிவிடுபவர்கள் உண்டு. சுள்ளியின் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். நுனியில் அடுத்த ஆண்டுக்கான மொட்டும் தயாராக இருக்கும். அடுத்த வசந்தம் வரை பொறுப்பதே சரி. அதற்காக எல்லா மரமும் துளிர்த்துவிடும் என்று எண்ணக் கூடாது. 2012 முதல் 2016 வரை நீண்ட வறட்சியில் நீல ஓக் மரங்களும் ஏராளமாகச் செத்தன. ஒரு கோடைக்கு உதவிய உத்தி, தொடர்ந்து வந்த கோடைகளுக்குப் போதவில்லை.