பொறி இல்லாமை

கிளம்பாத காரைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. எது பழுது என்பது ஒன்று. அது எப்படித் தெரிந்தது என்பது மற்றது. முதல் கேள்வியின் விடைக்குக் கடையில் விலை இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை. இந்த வித்தியாசம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1961 முதல் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். மழைக்கு மறுநாள், மந்தைவெளியில் ஒரு சந்து. பாட்டரி சரி, பெட்ரோல் வருகிறது, செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. விஷயம் தெரிந்த மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு ஒயரைப் பிடுங்கி, முனையை இன்ஜின் உடம்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, செல்ஃப் அடிக்கச் சொல்கிறார். நல்ல பொறி பாய்ந்தால் காயில்வரை குற்றமில்லை. ஈரம் கோத்த மூடி, ரோட்டார், பிளக் என்று பார்த்துக்கொண்டு போகலாம். பாயாவிட்டால் பாயிண்ட், கண்டென்சர், காயில். ஒரு நிமிஷத்தில் சந்தேகம் பாதியாகிவிடுகிறது.

மணிமேகலையின் 27ஆம் காதை அடுக்கும் பத்து அளவைகளில் அபாவம் ஒன்று, ஒழிவறிவு இன்னொன்று. இல்லாததை இல்லையென அறிவது. மற்றவற்றை நீக்கி மிஞ்சுவதை அறிவது. மெக்கானிக் கையாள்வது இவ்விரண்டையும்தான். பொறி இல்லை என்பது அவர் கண்டது. காயில் போய்விட்டது என்பது அவர் கருதுவது. கண்டதற்கும் கருதியதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் நேர்மை தேவைப்படுகிறது.

ஏனெனில் குறுக்குவழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம். வண்டி கிளம்பிவிடும், எதனால் கிளம்பியது என்பது யாருக்கும் தெரியாது, நல்ல காயில் குப்பைக்குப் போகும். அல்லது கருகிய பாயிண்டை மட்டும் மாற்றலாம். பாயிண்ட் பிரியும்போது எழும் பொறியை அடக்கவேண்டிய கண்டென்சர் செத்திருந்தால், புதுப் பாயிண்டும் கருகும். முன்னது விசாரணையில்லாத தண்டனை. பின்னது அடிபட்டவனையே குற்றவாளியாக்குவது.

மெக்கானிக்கின் பொய்க்கு மெக்கானிக்தான் பொறுப்பு. ஆனால் அந்தப் பொய்யை விலைக்கு வாங்குகிறவர்கள் நாம். ஜி.பி. ரோட்டிலிருந்து வந்த புதுக் காயிலுக்கு முணுமுணுக்காமல் பணம் கொடுக்கிறோம். காயில் நன்றாயிருக்கிறது என்று கண்டுபிடித்து, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக் கிளப்பிக் கொடுத்தவரிடம், "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். கையில் வாங்கிப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் நமக்கு. அறிந்துகொண்டதற்கு அட்டைப்பெட்டி கிடையாது.

இலக்கியத்திலும் நிலைமை வேறில்லை. ஒரு கவிதை பிடிக்கவில்லை என்றதும் மரபு செத்தது, வடிவம் செத்தது, கவிஞனின் அரசியல் செத்தது என்று மூன்றையும் கழற்றி எறிகிற விமர்சனத்துக்கு நம்மிடையே கிராக்கி இருக்கிறது. தடைப்பட்டது எந்த வரியில் என்று தொட்டுக்காட்டுகிறவன் சின்ன வேலைக்காரன் ஆகிவிடுகிறான்.

பழுது இங்கே இல்லை என்று சொல்வதற்கும் கூலி உண்டென்று ஒப்புக்கொள்கிற இடத்தில்தான் உண்மை சொல்வது ஒருவனுக்குக் கட்டுப்படியாகும்.