ஏறும்போது ஓடாத கடிகாரம்

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: நல்ல சமாரியர்)



வருகிற சனிக்கிழமை நம் பிள்ளைகளில் ஒருவர் முதன்முறையாக ஒரு சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறார். தார்ச் சாலையில் நடக்கிற பந்தயம் இல்லை. வேரும் கல்லும் நிறைந்த காட்டுப் பாதையில், மலைச்சரிவில் இறங்குகிற எண்டூரோ. இந்தப் பீடத்தில் பணியாளராக நின்று நம் கண்முன்னே வளர்ந்த பிள்ளை. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன்.

அவருடைய அம்மா பயந்துபோய் என்னிடம் வந்தார். "அந்தக் காட்டுக்குள்ள விழுந்தா என் பிள்ளையை ஆர் பாதர் தூக்குறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வாரம் முழுவதும் இன்றைய நற்செய்தியை வாசித்தேன்.

பந்தயம் எப்படி நடக்கும் என்று பிள்ளையிடமே கேட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒரே நாளில் நான்கைந்து இறக்கங்கள். இறங்கும்போது மட்டும்தான் கடிகாரம் ஓடும். ஓர் இறக்கம் முடிந்ததும் அடுத்த மலைக்குச் சொந்தக் காலால் மிதித்து ஏற வேண்டும். நாளின் பெரும்பகுதி அந்த ஏற்றத்திலேயே போய்விடும். ஆனால் ஏறுகிற நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த தொடக்கத்துக்குக் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். இறக்கத்தில் ஒவ்வொருவராக, சிறிது இடைவெளி விட்டு அனுப்புவார்கள். மாலையில் இறங்கிய நேரங்களை மட்டும் கூட்டிப் பார்ப்பார்கள். 2013இல் தொடங்கிய உலகத் தொடரிலும் அடிப்படை இதுதான், முதன்முறை வருகிற ஒரு மாணவனுக்கும் இதுதான்.

"ஏறும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "கதைத்துக்கொண்டே போவோம் பாதர். ஒருவரின் டயர் பஞ்சரானால் மற்றவர் டியூப் கொடுப்பார்" என்றார். போட்டியாளர்கள்தான், ஆனாலும் ஏற்றத்தில் வழித்துணை.

இறைமக்களே, இதைக் கேட்டபோது உங்கள் முகங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. இந்த நாட்டுக்கு வந்து, வதிவிட அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நீங்கள். இரவெல்லாம் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பகலில் மொழி வகுப்பில் தூக்கத்தோடு போராடியவர்கள். முதியோர் இல்லங்களில் பிறருடைய தாய் தந்தையரைத் தூக்கி அமர்த்திவிட்டு, ஊரிலிருக்கிற தம் தாயின் குரலைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர்கள். "மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், நான் பின்தங்கிவிட்டேன்" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். செபத்திலும் பின்தங்கிவிட்டேன், பிள்ளை வளர்ப்பிலும் பின்தங்கிவிட்டேன் என்று.

அன்பானவர்களே, உங்கள் ஏற்றத்தில் ஆண்டவர் கையில் கடிகாரத்தோடு நிற்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது? எம்மாவு வழியில் சோர்ந்துபோய் நடந்த இரண்டு சீடரோடு அவரும் நடந்தார். நீங்கள் மெதுவாக ஏறிய ஆண்டுகளிலும் பக்கத்தில்தான் இருந்தார். அந்த ஆண்டுகளை அவர் உங்களுக்கு எதிராக எழுதி வைக்கவில்லை.

இப்போது நற்செய்திக்கு வருவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியும் ஓர் இறக்கம்தான். எருசலேம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே, எரிகோ ஏறக்குறைய 250 மீட்டர் கீழே. 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்குகிற வறண்ட மலைப்பாதை. அதில்தான் அந்த மனிதர் அடிபட்டுக் கிடந்தார். குருவும் அந்த வழியே வந்தார், லேவியரும் வந்தார். ஏன் நிற்கவில்லை என்று இயேசு சொல்லவில்லை. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறக்கத்தில் போகிறவருக்கு நிற்பது கடினம், அவ்வளவுதான். சமாரியர் நின்றார். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயம் கட்டினார், தம் விலங்கின் மேல் ஏற்றினார், சாவடியில் தங்கிக் கவனித்துக்கொண்டார். மறுநாள்தான் அங்கிருந்து புறப்பட்டார். அவருடைய பயணத்தில் ஒரு நாள் போயிற்று.

எண்டூரோவிலும் இப்படி ஒரு நியதி உண்டு. பாதையில் ஒருவர் பலமாக அடிபட்டுக் கிடந்தால், பின்னால் முதலில் வருகிறவர் நிற்க வேண்டும். தன் நேரம் ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்க வேண்டும். அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் இதுதான்: அம்மா, அடுத்து வருகிற பிள்ளை தூக்கும். அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத் தெரியாது, மொழியும் தெரியாது. சமாரியருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

நான் கேட்கிறேன், நீங்களும் உங்களையே கேளுங்கள்: இந்த ஆண்டு நாம் யாரைத் தாண்டிப் போனோம்? ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிற அந்த ஐயாவையா? ஊர்க் காணிப் பிரச்சினையில் பேச்சு நின்றுபோன அண்ணனையா? மதுவில் விழுந்துவிட்டார் என்று நம் கூட்டங்களுக்கு அழைக்காமலே விட்ட ஒருவரையா?

தாண்டிப் போகாமல் நின்றவர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இத்தாலியில், கோமோ ஏரிக்கு மேலே, கிசாலோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. நாம் ஆண்டுதோறும் மரியஸ்டைன் திருத்தலத்து அன்னையிடம் போவதுபோல, சைக்கிள் வீரர்கள் அங்கே போகிறார்கள். 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். அங்கே ஃபாபியோ கசார்டெல்லியின் சைக்கிள் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியிலேயே பிறந்து, 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 டூர் டி பிரான்ஸில், பிரெனே மலையின் ஓர் இறக்கத்தில் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். வயது 24. மறுநாள் வீரர்கள் யாரும் போட்டியிடவில்லை. எல்லாரும் ஒன்றாகவே ஓட்டி வந்து, முடிவுக்கோட்டில் அவருடைய அணித்தோழர்களை முன்னே விட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய பந்தயம் ஒரு நாள் முழுக்கப் பந்தயமாக இல்லாமல் இருந்தது. இரக்கத்துக்கு அந்த வல்லமை உண்டு என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

மகனே, உனக்கும் ஒரு வார்த்தை. கசார்டெல்லி அன்று ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. நீ முகம் மூடும் ஹெல்மெட்டை அணி, முழங்கால் காப்பையும் முதுகுக் காப்பையும் அணி. பயமாக இருக்கிற இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ. அதை யாரும் தடுக்கப்போவதில்லை. பின்னால் வேகமாக வருகிறவருக்கு வழி விடு. கடைசியாக வந்தால் கடைசியாக வா. திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவர்களுக்கும் முழுக் கூலி கொடுத்த ஆண்டவர் நம் ஆண்டவர்.

மற்றப் பிள்ளைகளே, பெற்றோரே, உங்களில் சிலர் விழுந்த இடத்திலிருந்து இன்னும் எழவில்லை என்பது எனக்குத் தெரியும். யாரும் நிற்கவில்லையே என்ற வருத்தமும் தெரியும். உங்களுக்காக நின்றவர் இதோ இந்த நற்கருணையில் இருக்கிறார். திருப்பலி முடிந்ததும் பக்கத்து அறையில் ஒப்புரவு அருளடையாளத்துக்காக அமர்ந்திருப்பேன். பல ஆண்டுகள் ஆகிவிட்டனவே, செபங்கள் மறந்துவிட்டனவே என்று தயங்க வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன். கடைசி ஆள் வரும்வரை இருப்பேன்.