தினைப்புனக் குரல்கள்

பூம்பாறை. ஒரு மலை ஊர். மாலை ஐந்து. மேகம் இறங்குகிறது.

எதிர்ச் சரிவின் பூண்டு வயல்கள் முதலில் மறைகின்றன. பிறகு வேலப்பர் கோயில். பிறகு வேலி.

கையில் கைபேசி. அதில் ஒரே பாட்டு, மூன்று பதிவுகளாக.

*

வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகம்.

முருகன் வேடனாக வருகிறான். தினைப்புனத்தில் வள்ளி காவல் நிற்கிறாள். மானைத் தேடி வந்தவன்போல் பேச்சை ஆரம்பிக்கிறான். ‘காயாத கானகத்தே’ என்று எடுக்கிறான்.

அவ்வளவுதான் நடக்கிறது. எடுக்கிற தொண்டைதான் மாறுகிறது.

*

முதல் பதிவு. எஸ்.ஜி. கிட்டப்பா.

குரலுக்கு முன்னால் இரைச்சல் வருகிறது. தட்டில் ஊசி உரசுகிற ஓசை. தகரக் கூரையில் தூறல் மாதிரி. வெளியே தூறுகிறதா, உள்ளேயா என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

பிறகு குரல். ஏறிப் போவதாகவே தெரியவில்லை. முதலிலேயே மேலே இருக்கிறது.

*

ஏன் இத்தனை உயரம்?

அந்த நாள் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசியில், தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். சுருதி ஏறுகிறது.

ஒலிப்பதிவு அறையில் தரை டிக்கெட் இல்லை. நாலு சுவர். கிட்டப்பா சுவருக்கு அப்பால் இருக்கிற யாருக்கோ பாடுகிறார்.

*

நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், சற்றுக் கூட.

கொட்டகையில் இதே பாட்டு ‘ஒன்ஸ்மோர்’ கேட்டுக் கேட்டு நீண்டுபோகும். தட்டு நீளாது. திருப்பி ஊசியை வைக்க வேண்டும்.

திரையைத் தொடுகிறேன். மறுபடி தூறல். மறுபடி அந்த உயரம். கொஞ்சமும் மாறாமல்.

மாறாமல் இருப்பது ஆறுதலாக இருக்கிறது. சற்றுப் பயமாகவும்.

*

கிட்டப்பா பிறந்தது 1906, செங்கோட்டை. இறந்தது 1933 டிசம்பர். இருபத்தேழு வயது.

குரலில் வயது கேட்கவில்லை. மூச்சு கேட்கிறது. ஓர் அடி முடிந்து அடுத்த அடிக்கு முன்னால், இரைச்சலுக்குள், சின்னதாக ஓர் இழுப்பு.

அதைக் கேட்கத்தான் மறுபடி மறுபடி வைக்கிறேனோ.

*

டீ ஆறிவிட்டது. மேலே ஆடை படிந்திருக்கிறது.

குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை.

*

இரண்டாவது. டி.ஆர். மகாலிங்கம். 1945. ‘ஸ்ரீ வள்ளி’ படம்.

இரைச்சல் குறைவு. வாத்தியங்கள் தள்ளி நிற்கின்றன. குரல் பக்கத்தில் வருகிறது, கன்னத்தில் காற்றுப் படுகிற அளவுக்கு.

மைக் வந்துவிட்டது. எட்டிப் பிடிக்கக் கடைசி வரிசை இல்லை. மகாலிங்கமும் மேலேயே நிற்கிறார்.

தேவை போய்விட்டது. உயரம் தங்கிவிட்டது.

*

மகாலிங்கத்தின் ஊர் தென்கரை. சோழவந்தானுக்கு எதிரே, வைகைக் கரையில்.

இந்த மலையின் தெற்குச் சரிவில் விழுகிற மழை மஞ்சளாறாக இறங்குகிறது. வைகையில் சேர்கிறது. தென்கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

ஜன்னலுக்கு வெளியே சொட்டுகிறது.

*

இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறேன்.

எது மேல் என்று மனம் தராசை எடுக்கிறது. இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் ஒன்று. முள் ஆடுகிறது. கை வலிக்கிறது. கீழே வைக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கிறது.

பக்கத்து வீட்டில் பூண்டுக்குப் புகை போட்டிருக்கிறார்கள். வாசனை வருகிறது. அதற்குத் தராசு தேவைப்படவில்லை.

*

கரண்ட் போகிறது.

இருட்டில் பாட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

*

மூன்றாவது. பாடுகிறவர் பெயர் தெரியாது.

மலையடிவாரத்தில் ஏதோ ஒரு கோயில் கொடை. யாரோ கேசட்டில் பிடித்தது. கேசட்டிலிருந்து கைபேசிக்கு வந்தது.

ஹார்மோனியம் இழுக்கிறது. மிருதங்கம். பின்னால் ஜெனரேட்டரின் உறுமல், தம்பூரா மாதிரி. ஒரு குழந்தை அழுகிறது. யாரோ இருமுகிறார். பாட்டு நடுவில் மைக்கில் அன்பளிப்பு அறிவிக்கிறார்கள். ஐம்பது ரூபாய். முருகன் நிறுத்துகிறான். நன்றி சொல்கிறான். விட்ட எழுத்திலிருந்து தொடர்கிறான்.

இந்தப் பதிவில் கடைசி வரிசை இருக்கிறது.

*

இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள்.

ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. நாரதர், பபூன், ஹார்மோனியக்காரர், எல்லோரும் தனித்தனியாக. ஒத்திகை கிடையாது. நாடகம் எல்லோருக்கும் தெரியும்.

இரவு பத்து மணிக்குமேல் ஆரம்பம். முருகனும் வள்ளியும் மேடையில்தான் சந்திக்கிறார்கள்.

விடிந்ததும் அவரவர் பஸ். அடுத்த ஊரில் வேறு முருகன். வேறு வள்ளி.

எத்தனை இரவுகள். எத்தனை வேடர்கள். பதிவில் இருப்பது மூன்று.

*

கேசட்டில் பாட்டு முடிகிறது. முடிந்ததும் ஒரு பெண் குரல் பதில் சொல்கிறது.

திடுக்கென்றிருக்கிறது.

கிட்டப்பாவின் தட்டில் பதில் இல்லை. பாட்டு நின்றதும் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. இத்தனை வருடமாக வேடன் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே வள்ளி விடுவதாக இல்லை. தர்க்கம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல். கூட்டம் சிரிக்கிறது. வேடன் தடுமாறுகிறான். ஹார்மோனியம் அவனுக்கு ஒரு சுரம் எடுத்துக் கொடுக்கிறது.

பதிவு அறுந்துபோகிறது. பாதிச் சொல்லில்.

*

சுவாமிகள் எழுதிய பாட்டுக்கள் ஊர் ஊராக ஒலிக்கின்றன. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்குகிறது. பேச்சு போகிறது.

1922 நவம்பரில் புதுச்சேரியில் இறக்கிறார்.

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைக்கிறேன்.

*

காலை. குறிஞ்சி ஆண்டவர் கோயில்.

1936-இல் கட்டியது. கட்டியவர் மேனாட்டில் பிறந்து சைவத்துக்கு வந்த ஒரு பெண்.

வடக்கே மேகம் கொஞ்சம் விலகுகிறது. கீழே சமவெளி. அதில் பழநி மலை, ஒரு பிடி அளவு. இத்தனை தூரத்துக்கு மணியோசை வராது.

*

காதில் வேறொரு பாட்டு. கே.பி. சுந்தராம்பாள். 1965. ‘திருவிளையாடல்’.

கோபித்துக்கொண்டு பழநி மலையில் ஏறி நிற்கிற பிள்ளை. எதிரே ஔவை. பிள்ளையைப் பார்த்துப் பாடுகிறாள்.

பாட்டு இங்கே. மலை அங்கே. நடுவில் காற்று.

*

சுந்தராம்பாள் கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர். மேடையில் கிட்டப்பா வேலன் என்றால் இவர் வள்ளி. 1927-இல் இருவருக்கும் மணம்.

1933-க்குப் பிறகு வெள்ளைப் புடவை. ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று நிறுத்திக்கொள்கிறார். ‘பக்த நந்தனார்’ (1935) படம் எடுக்க வருகிறார்கள். நந்தனாராகவே நடித்துவிடுகிறார்.

பிறகு ஔவை.

தினைப்புனத்தில் நின்ற தொண்டை. அதே முருகனிடம் பேசுகிறது, முப்பத்திரண்டு வருடம் கழித்து, கிழவியாக.

இதைப் பதில் என்று சொல்ல வருகிறது வாய். சொல்லவில்லை.

*

அந்தக் குரலில் ஒரு கரகரப்பு. சந்தனக் கல்லில் கட்டை தேய்கிற மாதிரி.

தேய்வது கட்டைதான். கல்லும் கொஞ்சம்.

*

வழியில் வானாய்வகம். 1901-இல் தொடங்கியது. 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்து வைத்திருக்கிறார்கள். நாளுக்கு நாள். ஒரே சூரியன்.

ஒவ்வொரு தகட்டிலும் புள்ளிகள் வேறு இடத்தில்.

மேகம் மூடிய நாட்களுக்குத் தகடு இல்லை. அந்த நாட்களிலும் சூரியன் இருந்திருக்கும்.

*

குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

இப்போது சரிவில் வெறும் செடி. பச்சை. காற்றில் அசைகிறது. பூவை நினைத்துக்கொண்டு பார்க்கிறேன். பிறகு செடியைப் பார்க்கிறேன்.

*

மறுபடி பூம்பாறை. மறுபடி மாலை.

படிக்கட்டு வயல்களில் பூண்டு, கேரட், உருளை. கண்ணுக்கெட்டிய வரை தினை இல்லை.

*

இரவு. தகரம் தட்டுகிற சத்தம்.

கேரட் வயலில் காட்டெருமை இறங்கியிருக்கிறது. டார்ச் வெளிச்சம் மூடுபனிக்குள் வட்டமாக நிற்கிறது. ஒரு பெண் குரல் கூவுகிறது. நீளமாக. சொல் இல்லை, வெறும் சத்தம். சரிவுக்குச் சரிவு போய்த் திரும்பி வருகிறது.

நாடகத்தில் வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடுவாள், கிளிகளை ஓட்ட.

இந்தக் குரலும் உயரத்தில்தான் இருக்கிறது. கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும்.

கைபேசி கையில் இருக்கிறது. பதிவு செய்யத் தோன்றுகிறது. தோன்றியது போகிறது.

*

நின்றுவிட்டது. தகரமும், குரலும்.

கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

*

‘ஸ்ரீ வள்ளி’யில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. தன் பாட்டைத் தானே பாடியிருக்கிறார்.

படம் எடுத்த பிறகு, தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனுக்கு அந்தக் குரலில் நிறைவு இல்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைக்கிறார். அந்த ஒலியை இந்த உதட்டசைவில் பொருத்துகிறார்கள். பின்னணிப் பாட்டின் ஆரம்ப நாட்கள்.

பெரியநாயகியின் குரல் நன்றாக இருக்கிறது. தெளிவு. கனிவு.

ஒரு முறை கேட்கிறேன். இன்னொரு முறை, கண்ணை மூடிக்கொண்டு. மூன்றாவது முறை ஒலியை அணைத்துவிட்டு, உதடுகளை மட்டும்.

*

மேகம் வேலியை மறுபடி எடுத்துக்கொண்டுவிட்டது.

*

கைபேசியில் கிட்டப்பா இருக்கிறார். மகாலிங்கம் இருக்கிறார். பெயர் தெரியாத வேடன் இருக்கிறார். சுந்தராம்பாள், பெரியநாயகி இருக்கிறார்கள்.

ருக்மிணி பாடியது இல்லை.