தெரிந்துகொள்ளப்படாத பிள்ளை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதற் பூசை முடிந்து நான் காப்பி குடிக்க உட்காரும் சமயம், நமது பங்கைச் சேர்ந்த ஒரு தகப்பனார் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு; மூன்று வருஷமாக ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறவள். முந்தின நாள் சென்னையில் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. கூடப் போன அதே தெருப் பெண்ணின் பெயர் இருந்தது.

"சாமி, ராத்திரி சாப்பிடவில்லையாம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தாள். மாதா ஏன் கேட்கவில்லை என்று அவள் அம்மாவிடம் அழுகிறாளாம். நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்ல?" என்றார்.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஆகையால் ஆற அமர யோசித்து இதை எழுதுகிறேன். அணி ஜிம்னாஸ்டிக்ஸ் ஆனாலென்ன, கபடி ஆனாலென்ன, இப்படி ஒரு சாயங்காலம் வராத வீடு நம்மில் எது?

முதலாவது, வாயை அடக்கிக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நமக்குப் பொறுப்பதில்லை. உடனே ஏதாவது சொல்லிவிடுகிறோம். "நடுவர் வேண்டியவர்களுக்குப் போட்டிருப்பார்" என்பார் ஒருவர். அது மெய்யென்று தெரியாதபோது சொல்வது பிறர்மேல் அபாண்டம். அதோடு, உழைப்பால் பயனில்லை என்று பிள்ளைக்குக் கற்பித்தும் விடுகிறது. "போனால் போகிறது, படிப்பைப் பார்" என்பார் இன்னொருவர். மூன்று வருஷ உழைப்பை ஒரு வார்த்தையில் குப்பையில் கொட்டியாயிற்று. "அடுத்த வருஷம் கண்டிப்பாகக் கிடைக்கும்" என்பதோ நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பது. பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் சோறு போட்டு, அவள் பேசும்போது கேட்டாலே முதல் நாளுக்குப் போதும்.

நம்முடைய தகப்பன்மாருக்கு இன்னொன்று. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் லைனில் நிற்கிற உங்களுக்குச் சிவப்புப் பெட்டி தெரியும். அளவு தப்பிய சாமானை அதில் போடுவார்கள். அதன்மேல் வேறு பேச்சில்லை. எட்டு மணி நேரம் அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டு வருகிறவன் வீட்டிலும் அதே கண்ணோடு பார்த்துவிடக் கூடும். பிள்ளைக்குச் சிவப்புப் பெட்டி கிடையாது.

இந்த விளையாட்டில் மார்க்கு போடும் விதமே இதை ஒருவாறு சொல்லுகிறது. 2006-ம் ஆண்டு முதல் உலகப் போட்டிகளில் இரண்டு கணக்கு. செய்கிற வித்தையின் கடினத்துக்கு ஒரு மார்க்கு; செய்த நேர்த்திக்கு வேறொன்று. நேர்த்திக்குப் பத்தில் தொடங்கி, முழங்கால் மடங்கினால் இவ்வளவு, இறங்கும்போது அடி தவறினால் இவ்வளவு என்று பத்தில் ஒரு பங்கு, மூன்று பங்கு, ஐந்து பங்காகக் கழிப்பார்கள். விழுந்தால் ஒரு முழு மார்க்கு போகும். கழிக்கப்படுவது அந்த ஒன்றரை நிமிஷத்து முழங்காலுக்கே அன்றிப் பிள்ளைக்கு அல்ல. இடமும் எண்ணிக்கைதான்: 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு நாட்டு அணிக்கு ஐந்து பேர். ஆறாமவள் கெட்டிக்காரியானாலும் வெளியேதான் நிற்பாள். ஆகையால் ஒரு வாரம் போன பிறகு, அழுகை ஆறினபின், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பயிற்சியாளரிடம் போய், எது குறைந்தது என்று மரியாதையாய்க் கேளுங்கள். தொடர்ந்து பழகுவதா விடுவதா என்பதையும் அப்போது அவளே சொல்லட்டும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். ஓடி ஜெயிக்கிறவனைப் பற்றி அர்ச். சின்னப்பர் எழுதினதை நாங்கள் குருக்கள் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். தெரிந்துகொள்ளப்படாதவரைப் பற்றி, நான் உள்பட, யாரும் பேசுவதில்லை. அப்போஸ்தலர் நடபடியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யூதாஸ் போன இடத்துக்கு ஒருவர் வேண்டும். ஏறக்குறைய 120 பேர் கூடியிருக்கிறார்கள். ஸ்நாபக அருளப்பரின் நாள் தொடங்கி ஆண்டவருடைய ஆரோகணம் வரைக்கும் கூடவே இருந்தவராக வேண்டும் என்பது நிபந்தனை. இருவரை நிறுத்துகிறார்கள்: யூஸ்து என்னும் மறுபெயருள்ள பர்சபா சூசை, மற்றவர் மத்தியாசு. ஜெபித்துச் சீட்டுப் போடுகிறார்கள். மத்தியாசுக்கு விழுகிறது.

சூசையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தகுதியில் குறைவில்லை; குறைவிருந்தால் நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். ஜெபத்தோடு நடந்த தேர்வு; ஆகையால் நடுவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அத்தனை பேர் கண்முன் நின்று, தன் பெயர் வராமல், திரும்பித் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். அன்று அவர் வீட்டுக்குப் போனபோது யார் என்ன சொன்னார்களோ! வேதாகமம் அதன்பின் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எப்போதாவது அப்போஸ்தலர் ஆனாரா? இல்லை. ஆயினும் விட்டு விலகிப் போகவில்லை போலும். அவர் விஷம் குடித்தும் சேதமின்றி இருந்தாரென்று பப்பியாஸ் என்ற பூர்வீக ஆயர் எழுதிவைத்ததை, யுசேபியுஸ் தமது சரித்திரத்தில் சேர்த்திருக்கிறார். உரோமைத் திருச்சபையின் பழைய அர்ச்சிஷ்டவர்கள் பட்டியலில் ஜூலை 20-ந் தேதி அவருடைய நினைவு இருக்கிறது. சீட்டு விழாதவரையும் திருச்சபை மறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்தேன் என்றால், பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதையெல்லாம் கடைசியில் ஜெயித்தவர் கதையாகவே இருக்கிறது. அவையும் மெய்தான். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2011-ல் இளையோர் தேசிய அணிக்கு 13 பேரை எடுத்தபோது 14-ம் இடத்தில் நின்றார். 2016-ல் ரியோவில் நான்கு தங்கம் பெற்றார். பையில் செபமாலை வைத்திருக்கும் கத்தோலிக்கப் பெண். நமது அகர்தலா தீபா கர்மாகர் தட்டைப் பாதத்தோடு பிறந்தவர், ரியோவில் 0.15 மார்க்கில் வெண்கலம் தவறியது. 21 மாதத் தடைக்காலம் முடிந்து வந்து, 2023-ல் ஆசிய விளையாட்டுக்கான தேர்வில் முதலாவதாக வந்தும், விதிப்படி அவரை அனுப்பவில்லை. 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியப் போட்டியில் தங்கம் பெற்று, அக்டோபரில் ஓய்வு பெற்றார். சொல்லுங்கள், ஆனால் முதல் நாளே சொல்லாதேயுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடியாது என்பது பன்னிரண்டு வயதுக்கும் தெரியும்.

மாதா ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு, பிள்ளையை அதட்டாதேயுங்கள்; கேட்கிற பிள்ளை இன்னும் மாதாவோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறாள். நேர்த்திக்கடன் வியாபாரமல்ல என்பதைப் பெரியவர்கள் நாமே சரியாக அறிந்திருக்கிறோமா என்பது என் சந்தேகம். தெரிந்தெடுக்கப்பட்ட சிநேகிதியும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருப்பாள் அன்றோ? அவளை அன்றைக்கே போய் வாழ்த்தச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். நாள் கொடுங்கள்.

அந்தப் பெண் இரண்டு ஞாயிறு கழித்துப் பூசைக்குப்பின் என்னிடம் வந்தாள். "சாமி, கிடைக்காவிட்டாலும் மெழுகுவர்த்தி ஏற்றலாமா?" என்றாள். ஏற்றலாம் அம்மா என்றேன். மாதா பீடத்தில் ஏற்றிவிட்டு, வாசலில் காத்திருந்த அதே தெருப் பெண்ணோடு நடந்து போனாள்.