நஞ்சு எங்கிருந்து வந்தது?

தேவதானத்துத் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு 'நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி' என்பது பெயர். பகையரசன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடை பாண்டியனுக்குத் தீங்கு செய்யாதபடி தடுத்தருளியமையால் அப்பெயர் அமைந்தது என்பர் ஊரார். அந்த நஞ்சு வாள்முனையில் வரவில்லை, பரிசாக வந்தது. இக்கதையில் நம்மை நின்று சிந்திக்க வைப்பது இதுவே.

இவ்வூரை விட்டுக் கடல் கடந்து சென்று வாழும் அன்பர் ஒருவரின் மடலைப் படித்தபோது அக்கதை நம் நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். அன்பர் வாழும் நாட்டிலோ அவற்றை வீட்டில் வளர்க்க இசைவு உண்டு. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிப் பல ஆண்டுகளாகப் பவளங்களைப் பேணி வருகிறார். நண்பர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த மான்கொம்புப் பவளக் கிளையில் ஒட்டிக்கொண்டு தட்டைப்புழுக்கள் வந்துவிட்டன. பவளத்தின் நிறத்தையே தம் நிறமாகக் கொண்டு ஒளிந்திருக்கும் அவை, அதன் சதையைத் தின்று வெளுத்த வட்டங்களை விட்டுச் செல்கின்றன. "ஒரு மாதமாகக் கொன்றுகொண்டே இருக்கிறேன். ஒன்றை வாழவைக்க மற்றொன்றைக் கொல்ல எனக்கு உரிமை உண்டா?" என்று கேட்டிருந்தார்.

எளிதில் விடை சொல்லிவிடக்கூடிய வினா அன்று இது. இப்புழுவை அறிவியலார் முறைப்படி பெயரிட்டது 2011ஆம் ஆண்டில். அதற்கு முன்பே வளர்ப்புத் தொட்டிகளில் அது பெருங்கேடாக அறியப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இயற்கையாக வாழ்வது 2012இல்தான் வெளியிடப்பட்டது. கடலில் தேடினாலன்றித் தென்படாத உயிர், தொட்டியில் கொள்ளைநோயாகிறது. அங்கே அதைத் தின்னும் மீன்கள் உண்டு. விரிந்த வெளி உண்டு. இங்கே நான்கு கண்ணாடிச் சுவர்களே உண்டு. அப்படியானால் 'கேடு' என்பது புழுவின் இயல்பா, நாம் அமைத்த இடத்தின் இயல்பா?

இடத்தின் இயல்பே என்றால், கொல்லாமல் விட்டுவிடலாமா? அதுவும் அறமாகாது. மான்கொம்புப் பவளமன்றி வேறு உணவறியாத புழு அது. பவளம் முழுதும் மடிந்தபின் புழுவும் பட்டினியால் மடியும். கைகட்டி நிற்கும் இரக்கம் இரண்டு உயிர்களையும் பலிகொடுக்கும். அடைத்து வைத்தவரே காக்கவும் கடமைப்பட்டவர். ஆகவே கொல்வது அன்பருக்கு உரிமை என்பதைவிட, தாமே வருவித்துக்கொண்ட கடன் என்பதே பொருந்தும். உரிமை எனக் கருதுவோர் பெருமிதம் கொள்வர். கடன் என உணர்வோர் அளவறிந்து நடப்பர்.

அளவு எது? தொட்டி முழுவதும் மருந்தைக் கொட்டினால் குற்றமற்ற சிற்றுயிர்களும் மாளும். பவளத்தைத் தனியே எடுத்து மருந்துநீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் புழுக்கள் கழன்று விழும். ஆனால் முட்டைகள் சாவதில்லை. அவற்றைக் கையால் சுரண்டி எடுத்து, எஞ்சியவை பொரிக்கும் காலம் கணித்து, வாரந்தோறும் மீண்டும் அமிழ்த்த வேண்டும். பொறுமையான வழியே இங்குக் குறைவாகக் கொல்லும் வழியாகவும் இருக்கிறது.

நம் தென்னந்தோப்புகளும் இதை அறியும். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பிற இடங்களுக்கும் பரவியபோது, நஞ்சு தெளிப்பதைத் தவிர்க்குமாறே வேளாண் அறிஞர்கள் அறிவுறுத்தினர். அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியையும் நஞ்சு கொன்றுவிடும் என்பதே காரணம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களைப் போர்த்தி மூச்சடைக்கச் செய்வதாக 2008இல் அறியப்பட்ட கப்பாபைகஸ் பாசியும் தானாக வந்ததன்று. மக்களுக்கு வருவாய் தருமென்று நல்லெண்ணத்துடன் அயலிலிருந்து கொணரப்பட்டது. அதையும் கையால்தான் பறித்தெடுக்க வேண்டியிருந்தது.

பழியைப் புழுவின் மீதும் பாசியின் மீதும் சுமத்துவது நமக்கு எளிதாக இருக்கிறது. அவை தம் இயல்பின்படி வாழ்கின்றன. வாயிலைத் திறந்துவிட்டவர் நாம். புதிதாக வந்த பவளத்தைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்திருந்தால் அன்பர் இத்தனை உயிர்களைக் கொன்றிருக்க வேண்டியதில்லை. அழகானது, நண்பர் தந்தது, உடனே வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் அவசரமே முதற்கேடு.

அன்பருக்கு இவ்வாறே விடை எழுதினோம்: "செய்வதைச் செய்து முடியுங்கள், ஆனால் வெற்றி கொண்டதாக எண்ணாதீர்கள். அடுத்த பரிசு வரும்போது காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்." எழுதி முடித்தபின், அது அவருக்கு மட்டும் உரிய அறிவுரையன்று என்பதும் நமக்குத் தோன்றியது. வந்த ஆடையை விரித்துப் பாராமல் உடுத்திக்கொள்ளும் வழக்கம் நம் எல்லோரிடமும் உண்டல்லவா?