மணவாளக்குறிச்சி மணல்

மணவாளக்குறிச்சிக் கரையில் எடுத்த ஒரு சிட்டிகை மணல், சின்னக் கண்ணாடிக் குப்பியில். யாரோடு போனேன், என்ன பேசினோம் என்பதெல்லாம் கலங்கிவிட்டது. கறுப்பு மணல் உள்ளங்காலைச் சுட்டது மட்டும் தெளிவாக இருக்கிறது.

என் நினைவு தேய்ந்தாலும் மணல் தன் வழியை மறக்கவில்லை. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், தேன் நிறத்தில் மோனசைட். மேற்கு மலைத்தொடரின் தென்கோடிப் பாறைகள் சிதைந்து, ஆற்றோடு கடலுக்கு வந்தவை. இலேசான வெள்ளை மணலை அலை இழுத்துக்கொண்டு போக, கனமானவை கரையில் தங்கின. கன்னியாகுமரியில் வேறு சொல்வார்கள்: அம்மனின் கல்யாணம் நின்றுபோக, சமைக்காமல் கிடந்த அரிசிதான் மணலாயிற்று. எனக்கு இரண்டு கதையும் வேண்டும். இரண்டிலும் ஏதோ ஒன்று போய்விட, மிச்சம் கரையில் நிற்கிறது.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த மோனசைட்டைக் கண்டுகொண்டது, இங்கிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில். அப்போது கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு அதிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. யாரும் ஞாபகார்த்தமாக எடுத்துப் போனதில்லை. தானாக ஒட்டிக்கொண்டு கடல் தாண்டிய மணல். அந்த நாரைத் திரித்த கைகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கடற்கரைகளில் நான் சேர்த்தவற்றில் பவளம் இல்லை. தனுஷ்கோடியில் 1964 புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவர் பவளக் கல்லால் கட்டியது. விரல் வைத்தால் நுண்ணிய துளைகள் தட்டுப்படும். பவளப் பாறைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. அது இல்லாவிட்டாலும் அங்கே கிடந்த துண்டுகளை எடுக்க மனம் வந்திருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இப்படி உடைந்த பவளம் சேர்ந்து சேர்ந்துதான் தரையாகியிருக்கின்றன.

என்னிடம் இருக்கும் இன்னொன்று கழற்சிக்காய். கடலோரப் புதரில் பறித்தது, அதன் விதை சாம்பல் நிறம், கல்லாட்டம் கெட்டி. உள்ளே காற்று இருப்பதால் உப்புத் தண்ணீரில் நெடுநாள் மிதக்கும். வெப்பக் கடல்களில் கிளம்பிய இதன் விதைகள் ஸ்காட்லாந்துத் தீவுகளில்கூட ஒதுங்கியிருக்கின்றன. அந்தக் குளிரில் முளைக்க வழியில்லை. அங்குள்ளவர்கள் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். இங்கே சூட்டுக்கொட்டை. தரையில் உரசிச் சூடேற்றி அண்ணன் மகளின் கையில் வைத்தால் துள்ளி ஓடுவாள், திரும்பி வந்து இன்னொரு தடவை என்று கை நீட்டுவாள். அந்தப் புதரைப் பார்க்க வேண்டுமாம். கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தண்டிலும் காயிலும் முள் அடர்ந்திருக்கும். கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டுதான் பறிக்க வேண்டும்.