சீட்டில் எழுதாத முகம்

2021-ஆம் ஆண்டில் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் ஹைடி குரோட்டர் என்ற இளம்பெண். கோவென்ட்ரி நகரத்தவர், மணமானவர். பெரும்பாலோருக்கு உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருக்க, அவருக்கு 47. இருபத்தொன்றாவது ஜோடியில் ஒன்று கூடுதல். டவுன் சிண்ட்ரோம் என்பது அதுதான். 1959-இல் பாரிஸில் இந்தக் காரணத்தைக் கண்டு சொன்னார்கள்.

இங்கிலாந்தின் 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி பொதுவாக 24 வாரம்தான் எல்லை. ஆனால் பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனம் நேரக்கூடும் என்று இரண்டு மருத்துவர்கள் கருதினால் அந்த எல்லை இல்லை. பிரசவம் வரையிலும் கலைக்கலாம். தம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கணக்கு என்பதே ஹைடியின் வழக்கு.

வழக்குத் தோற்றது. 2022-இல் மேல்முறையீடும் தோற்றது. இந்தச் சட்டம் சிலர் மனத்தைப் புண்படுத்தலாம், அதனால் மட்டும் அவர்கள் உரிமை பறிபோனதாகாது என்றார்கள் நீதிபதிகள். சட்டம் என்ற அளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், 'நீ பிறந்திருக்கலாமா?' என்ற கேள்வியை நீங்களும் நானும் ஒருநாளும் காதால் கேட்டதில்லையே!

அதற்காகத் தாய்மார்களைக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதில் கருவுற்றவளுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இந்த வாய்ப்பு உண்டு. இத்தகைய குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இருதயக் கோளாறும் சேர்ந்து வருகிறது. 'எங்கள் காலத்துக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று ஒரு தாய் கேட்டால், உபதேசம் செய்கிறவன் வாயை மூடிக்கொள்வதே மரியாதை. சுமக்கப் போகிறவள் அவள்.

என் குறையெல்லாம் அந்தச் சீட்டைப் பற்றியது. தாயின் இரத்தத்திலேயே குழந்தையின் மரபுப்பொருள் துணுக்குகள் மிதப்பதை டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் 1997-இல் கண்டார்கள். இன்று பத்தாவது வாரத்தில் கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும். அதுவும் சந்தேகத்தைத்தான் சொல்லும்; உறுதி செய்ய ஊசி போட்டுக் கருப்பை நீரை எடுக்க வேண்டும். உறுதியான பிறகும் கிடைப்பது ஓர் எண்: 47. அந்தக் குழந்தை எவ்வளவு படிக்கும், என்ன வேலை செய்யும், எதைக் கண்டு சிரிக்கும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

இவற்றை எப்படி அறிவது? அப்படி ஒருவரைப் பக்கத்து வீட்டிலோ, பள்ளிக்கூடத்திலோ பார்த்திருந்தால் அறியலாம். ஆனால் 2004-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை உண்டு என்று ஏற்பாடு செய்த டென்மார்க்கில் இப்படிப்பட்ட பிறப்பே மிகவும் அருகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்காக மட்டுமே முடிவு செய்தாள். அதன் பலன், அடுத்தவள் முடிவு செய்ய உட்காரும்போது அவளுக்கு நினைவில் கொண்டுவர ஒரு முகம் இல்லை. மருத்துவச் சொல் ஒன்றும் அச்சமுமே மிச்சம்.

சீட்டைக் கொடுக்கும் மருத்துவர், அதோடு ஒரு வீட்டு விலாசமும் கொடுக்கட்டும். அவள் போய் அங்கே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருக்கட்டும்; அந்தத் தாயின் களைப்பையும் பார்க்கட்டும், பிள்ளையையும் பார்க்கட்டும். திரும்பி வந்து அவள் எந்த முடிவைச் சொன்னாலும், ஏன் என்று நான் கேட்கமாட்டேன்.